மாடியில் ஒரு அடுப்பு

ஜூன் 3

டைம்கீப்பர் அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்றும் சேர்த்து எழுத வேண்டும் என்பார்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நம் பெண் வாரா வாரம் போனில் சொல்லிவிடுகிறாள். அதனால் ஆவல் படவேண்டிய அவசியம் எனக்கில்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. எதுவானாலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் வக்கீலும் என் வக்கீலும் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று வீட்டுக்கு விலை மதிப்பு போட வேல்யூவர் வந்தார். கோர்ட் அனுப்பிய ஆள், இரண்டு பேருக்கும் பொது. சின்ன வயசுதான், ஆனால் முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. கையில் ஒரு சிவப்பு விளக்குக் கருவி. அதைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் அறையின் அளவு வந்துவிடுகிறது. அதிலும் நம்பிக்கை இல்லாமல் நாடா போட்டும் அளந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூச்சை இழுத்து விடு என்று சுவரிடம் சொல்லாததுதான் பாக்கி. குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதே, "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். "கல்யாணம் ஆன நாளா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மாடியில் சின்ன அறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "இங்க ஏன் ஒரு அடுப்பு? மாடியை வாடகைக்கு விட்டிருந்தீங்களா?" என்றார். இல்லை, நான்தான் இங்கே தனியாகச் சமைத்தேன் என்றேன். எப்போதிலிருந்து என்றார். சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு ஒரு விலை இல்லையாம், இரண்டு விலையாம். தெருக்கோடியில் ரயில் நிலையம் வருவதற்கு முன்னால் ஒன்று, வந்த பிறகு ஒன்று. பிந்தியது முந்தியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாம் கணவன் மனைவியாக வாழ்வதை என்றைக்கு நிறுத்தினோமோ அந்தத் தேதியின் விலையைத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அந்தத் தேதியை நாம் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுப்பு மாடிக்குப் போன நாளை எழுதலாம் என்பது என் எண்ணம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்ச் மாதம். அப்போது ரயில் நிலையம் இல்லை. அந்த விலையில் உங்கள் பாதியை பேங்கில் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டை நான் வைத்துக்கொள்ள முடியும். நீங்கள் பெட்டியோடு கிளம்பிய போன நவம்பர்தான் தேதி என்றால் என்னால் முடியாது. வீட்டை விற்றுத்தான் பங்கு பிரிக்க வேண்டும். முன் அறையில் இருக்கும் என் தையல் கடையும் அதோடு போகும்.

பத்திரம் இதோடு இருக்கிறது. தேதி எழுத இடம் விட்டிருக்கிறது. மார்ச் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
தையல் கடை


ஜூன் 9

டெய்லரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வக்கீல் நோட்டீஸில்கூட இதைவிடக் கொஞ்சம் பாசம் இருக்கும்.

நான் சுகமாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் பரிசோதனைக்குப் போனேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே சலவைக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் டிப்போ. விடிந்தும் விடியாமல் பஸ்கள் உறுமுகிற சத்தத்தில் எழுந்துவிடுகிறேன். வேலைக்குப் போக மூன்று நிமிஷ நடை. ஆனாலும் ஒருநாள் தாமதமாகப் போய், தாமதமாக வருகிறவர்களைக் குறித்துவைக்கிற நானே டிரைவர்களிடம் மாட்டிக்கொண்டேன். அன்று முழுக்க என் தலையை உருட்டினார்கள்.

தேதி விஷயம். உனக்குத் தெரியும், நேரம் குறிப்பதுதான் என் பிழைப்பு. பஸ் எப்போது கிளம்பியது என்று எழுதுவேன். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எப்போது சண்டை வந்தது என்று எழுத மாட்டேன். சண்டை போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருகிற வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. நம் வண்டி நின்றது நவம்பரில். நான் மார்ச் என்று எழுத மாட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. அந்த மார்ச்சுக்கும் இந்த நவம்பருக்கும் நடுவில் ஒன்றே முக்கால் வருஷம் இருக்கிறது. அந்த ஒன்றே முக்கால் வருஷமும் நான் கீழே கூடத்துக் கட்டிலில் கிடந்தேன். மாடிப்படி ஏற முடியாது. தலையில் ஒரு முடி கிடையாது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? மருந்து ஏறி முடிகிற வரைக்கும் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் துணிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தது யார்? நோயாளிக்கு என்ன உறவு என்று அவர்கள் கேட்ட இடத்தில் மனைவி என்று எழுதினது யார்? மார்ச்சிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போட்டால், அதெல்லாம் செய்த பெண்பிள்ளை யார் என்று ஆகிறது? சம்பளத்துக்கு வந்த ஆளா?

பணமே வேண்டாம் என்று சொல்ல நான் மகான் இல்லை. என் சிகிச்சைக்கு அக்கா போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் பணத்துக்காகத்தான் அடம் பிடிக்கிறேன் என்று நினைக்காதே. உனக்கு வீடு வேண்டும், புரிகிறது. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று எழுதச் சொல்லாதே.

பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

டைம்கீப்பர்


ஜூன் 14

டைம்கீப்பருக்கு,

மழை விட்டும் தூவானம் விடாத கதையாக இருக்கிறது. நீங்கள் போன பிறகாவது வாக்குவாதம் இல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன்.

மனைவி என்று எழுதினேன், ஆமாம். வேறு என்ன எழுதுவது? பக்கத்து வீடு என்று எழுதினால் உள்ளே விடுவார்களா?

மனைவி என்கிறீர்களே, உங்களுக்கு நோய் வந்ததை எனக்கு எத்தனையாவது ஆளாகச் சொன்னீர்கள்? முதலில் உங்கள் அக்காவுக்குச் சொன்னீர்கள். அவர் போய் வைத்தியத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்தார். ஒரு மாதம் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். அக்கா வாசலில் வந்து நின்று, "தைரியமா இரும்மா, குணமாகாத வியாதி எதுவும் இப்ப கிடையாது" என்று என் தோளைத் தட்டினார். அப்போது என் கையில் யாரோ ஒருத்தியின் பாவாடை, வாயில் குண்டூசி. எந்த வியாதி என்று அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் நாம் போட்ட சண்டை மறந்துபோய்விட்டதா? அதற்குப் பிறகு மாத்திரை, தண்ணீர், டாக்ஸி வந்தாச்சு என்பதைத் தவிர இந்த வீட்டில் நமக்குள் என்ன பேச்சு இருந்தது?

சரி, உடம்பு தேறியது. தேறியதும் என்ன செய்தீர்கள்? ஒரு காலை நேரத்தில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, "நான் கிளம்பறேன், உனக்கும் சிரமம்" என்றீர்கள். ஏறின ஏணியை எட்டி உதைத்துவிட்டு, இன்றைக்கு ஏணியின் பெருமையைப் பேசுகிறீர்கள்.

இந்த முன் அறை ஜன்னல் வெளிச்சத்தில் இருபது வருஷமாகத் தைக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் துணி கழுத்துவரை குவிந்து கிடக்கிறது. வேறு இடத்துக்குப் போனால் இந்தத் தெருப் பெண்கள் எனக்காக பஸ் பிடித்து வருவார்களா? என் வயசில் புதிதாகக் கடை போட்டு, பெயர் வாங்கி, எப்போது நிமிர்வது? எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று நீங்கள் பார்த்தால் நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு என் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒரே வீட்டுல இருந்தாலும் உலை தனித்தனியாத்தானே கொதிச்சுது?" ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்னம்மா? ஒரே கூரை, ரெண்டு குடித்தனம். இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றார். வேல்யூவர் போட்ட வரைபடத்திலேயே இரண்டு சமையலறை இருக்கிறதாம். உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மார்ச்சுக்குப் பிறகு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துச் சமையலறையில் நான் ஒரு வேளையாவது அடுப்பு மூட்டினேன் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது இல்லையா. கையெழுத்துப் போடுங்கள்.

தையல் கடை


ஜூன் 19

டெய்லரம்மா,

வரைபடம் வந்தது. நம் வீட்டை ஒரு காகிதத்தில் இவ்வளவு சின்னதாகப் பார்த்ததில்லை. கூடம், முன் அறை, மாடிப்படி. கீழே சமையலறை ஒன்று, மேலே சமையலறை இரண்டு. அந்த இரண்டு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில், முடியாது. நீ கீழே அடுப்பு மூட்டினாய் என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கு நான் கட்டிலில் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாய், தூங்கவில்லை. முதலில் சிலிண்டரை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுப்பை ஒவ்வொரு படியாக இழுத்து இழுத்து வைத்தாய். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாய். எழுந்து வந்து ஒரு கை கொடுக்கலாம் என்றால் எனக்குக் கால் நிற்கவில்லை. எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவும் பயமாக இருந்தது. பதில் என்னவென்று தெரியும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் தட்டு வந்தது. சில்லென்று ஆறிப்போன தட்டு. ஒருநாள்கூட ஆவி பறக்க ஒரு கவளம் வந்ததில்லை. குறை சொல்லவில்லை, அதையும் கொண்டுவந்து வைத்தாயே. நீ பக்கத்தில் வரும்போது உன்மேல் சமைத்த வாசனையே இருக்காது. வேறு துணி கட்டிக்கொண்டு, முகம் கழுவிக்கொண்டு, எங்கேயோ வெளியே கிளம்புகிறவள் மாதிரி வருவாய். எங்கோ கடையில் வாங்கி ஆறவிட்டு எனக்கு வைக்கிறாய், உனக்கு மட்டும் மேலே சூடாகச் சமைத்துக்கொள்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். சோறு போடுகிறவளிடம் சூடாகப் போடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் அக்காவிடம் முதலில் சொன்னதற்கு இது தண்டனை, நியாயம்தான் என்று சாப்பிட்டேன்.

ஆனாலும் மனசில் ஒரு மூலையில், இல்லை, இவள் என் பெண்டாட்டிதான், கோபக்காரி, கோபம் தணிந்தால் அடுப்பு இறங்கி வந்துவிடும் என்று இருந்தது. அடுப்பு வரவில்லை. உடம்பு தேறியதும், இதற்கு மேலும் உன்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று கிளம்பினேன். நவம்பர் நவம்பர் என்று நான் முரண்டு பிடித்ததற்கும் அந்த மூலைதான் காரணம். அந்தத் தட்டைக் கொண்டுவந்தவள் என் மனைவி என்று ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

நீயே இல்லை என்கிறாய். உலை தனி என்று நீயே வக்கீலிடம் சொன்ன பிறகு நான் யாருக்காக வாதாடுவது?

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். தேதி எழுதவில்லை. மார்ச் என்று என் கையால் எழுத வரவில்லை, அதை மட்டும் நீ எழுதிக்கொள். உன் வக்கீலிடமே கொடுத்துவிடு, என் வக்கீலிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அக்கா பணத்துக்குச் சம்பளத்தில் மாதா மாதம் கட்டி அடைப்பேன், அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். வீடு உனக்கே. நல்லபடியாகக் கடையை நடத்து.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் போட எனக்குத் தெம்பு இருக்காது.

டைம்கீப்பர்


ஜூன் 26

என்னங்க,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். என்றைக்கு நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்?

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு பெண் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தாள். நாடாவை அவள் கழுத்திலேயே விட்டுவிட்டுக் கவரைப் பிரித்தேன். உள்ளே பத்திரத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீடு எனக்குத்தான் என்று ஒரு குதி குதித்தது மனசு. அவளை அனுப்பிவிட்டு, கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். 

உங்களுக்குத் தெரியாதா? நிஜமாகவே தெரியாதா?

வைத்தியம் ஆரம்பித்த இரண்டாவது வாரம் நான் கீழே வெங்காயம் வதக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த வாடைக்கு நீங்கள் கட்டிலில் புரண்டு புரண்டு வாந்தி எடுத்தீர்கள். வயிற்றில் ஒன்றுமில்லாத பிறகும் நிற்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல, நீ போய் சாப்பிடு" என்றீர்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும்போது நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அப்போது நர்ஸ் சொன்னாள். "சமையல் வாடைதான்மா இவங்களுக்கு எமன். அடுப்பை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளுங்க. சாப்பாட்டை நல்லா ஆறவெச்சுக் குடுங்க, சூடா இருந்தா வாடை தூக்கும். நீங்களும் துணி மாத்திட்டுப் பக்கத்துல போங்க." அதற்கு அடுத்த நாள்தான் அடுப்பைத் தூக்கினேன்.

மேலே கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்குத்தான் சமைத்தேன். ஒரே பாத்திரம், ஒரே சோறு. தட்டில் போட்டு, ஜன்னல் ஓரம் வைத்து, விசிறி விசிறி ஆற வைப்பேன். உப்பு சரியா, சூடு போயிற்றா என்று வாயில் வைத்துப் பார்ப்பேன், கொஞ்சமாவது சூடு தெரிந்தால் மறுபடி விசிறுவேன். அந்த ஒன்றே முக்கால் வருஷம் நானும் ஆறின சோறுதான் சாப்பிட்டேன். உங்களுக்கு ஆற வைத்துவிட்டு எனக்கு மட்டும் எப்படிச் சூடாக இறங்கும்? நர்ஸ் உங்களிடமும் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நீங்களே கேட்டிருக்கலாம், நானே சொல்லியிருக்கலாம். நாம்தான் அப்போது வார்த்தையை அளந்து வெட்டிக்கொண்டிருந்தோமே.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய இருந்தது. ஆனால் கோபம் வந்தால் நான் தையல் மிஷின் பெடலை ஓங்கி மிதிப்பேன், யார் மேலாவது எரிந்து விழுவேன். சோற்றில் காட்ட மாட்டேன். இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டவருக்கு அது தெரிய வேண்டாமா?

உலை தனியா என்று வக்கீல் கேட்டார், ஆமாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்தான். உங்களுக்குக் காரணம் தெரியும், தெரிந்துகொண்டே பணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று நினைத்தேன். தெரியாத மனிதரைப் பார்த்து, ஒரு வேளையாவது அடுப்பு மூட்டினேனா என்று கேட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இதற்காகத் திரும்பி வாருங்கள் என்று சொல்லவில்லை. அக்காவிடம் முதலில் சொன்னீர்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைக் கட்டினீர்களே, அதுவும்தான். நான் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை.

ஆனால் பத்திரத்தில் தேதியை நான் எழுதிவிட்டேன். நவம்பர் என்று எழுதினேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு வந்த வீட்டை யாராவது இப்படி விடுவாங்களா? அவரே கையெழுத்துப் போட்டுட்டாரேம்மா!" என்றார். அவர் போடுவார், நான் எழுத முடியாது என்றேன். என் எதிரிலேயே கோர்ட்டில் தாக்கல் செய்ய வைத்துவிட்டு வந்தேன். அதனால் நீங்கள் இப்போது விட்டுக்கொடுக்கிறேன், மாற்றி எழுதலாம் என்றெல்லாம் கிளம்ப வேண்டாம். அக்காவுக்குச் சேர வேண்டியது மொத்தமாகவே சேரட்டும்.

வீடு விலை பேசியாகிவிட்டது. ரயிலில் வேலைக்குப் போகிற ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண் வந்த அன்றே எல்லா ஜன்னலையும் திறந்து திறந்து பார்த்தாள், எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. மார்க்கெட் பக்கம் ஒரு ஷட்டர் கடை பார்த்திருக்கிறேன். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் தைக்க வேண்டும். மேலே ஒரு சின்ன அறை, ஒரு ஆளுக்குப் போதும்.

பதில் போடத் தெம்பு இருக்காது என்றீர்கள். இருந்தால், அடுத்த மாதக் கடைசிக்குள் போடுங்கள். அதற்குப் பிறகு இந்த விலாசத்தில் நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நவம்பர் வரைக்கும் உங்கள் மனைவி